பலூனும் டயரும் ஒரே பால்தான்: ரப்பருக்குள் கந்தகம் போடும் முடிச்சு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில், மூலக்குளம் தாண்டி வில்லியனூர் பக்கம் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஞ்சர் கடை புதிதல்ல. பல பஞ்சர் கடை போர்டுகளில் 'காற்று', 'பஞ்சர்' என்பதோடு இன்னொரு வார்த்தையும் இருக்கும்: 'வல்கனைசிங்'. மரத்தில் வடியும் பிசுபிசுப்பான பாலை, நம் உயிரைச் சுமந்து ஓடும் டயராக மாற்றும் வேதியியலின் பெயர் அதுதான்.

அப்படி என்ன நடக்குது ரப்பருக்குள்ளே?

நூல்கள் வலையாகும் கதை

ரப்பர் பாலில் இருப்பவை மிக நீளமான மூலக்கூறுகள். ஐசோப்ரீன் என்ற சின்ன அலகு ஆயிரக்கணக்கில் கோர்த்து நின்றால் ஒரு மூலக்கூறு. இவை குவித்துப் போட்ட நூல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆனால், முடிச்சு எதுவும் கிடையாது. அதனால் வெயிலில் நூல்கள் வழுக்கி நகரும், ரப்பர் பிசின் மாதிரி ஒட்டும். குளிரில் விறைத்துக்கொள்ளும்.

1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் இந்தக் கோளாறு தீர்கிறது என்று கண்டுபிடித்தார். 1844-ல் காப்புரிமையும் வாங்கினார். கந்தக அணுக்கள் இரண்டு நூல்களுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். தனித்தனி நூல், மீன்வலை மாதிரி ஆகிவிடும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் இது 'வல்கனைசேஷன்' ஆனது.

குட்இயர் 1860-ல் கடனோடுதான் இறந்தார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் தொடங்கியது. அதற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

திருவொற்றியூர் பலூன்

இந்த வேதியியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சின்ன யூனிட்டைத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் 'ட்ரெட் ரப்பர்' தயாரிப்புக்கு மாறினார். 1961-ல் டயரே வந்துவிட்டது. அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். புதுச்சேரி நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள ஏரிப்பாக்கத்திலும் அதற்கு ஆலை உண்டு.

பலூனுக்கும் டயருக்கும் பயன்படும் இயற்கை ரப்பர் ஒன்றுதான். மாறுவது முடிச்சுகளின் எண்ணிக்கையும், கூடச் சேர்க்கும் பொருட்களும். சாதாரண ரப்பர் பொருளுக்கு 100 கிலோ ரப்பரில் 1 முதல் 3 கிலோ கந்தகம் போதும். 30 கிலோவுக்கு மேல் போட்டால் வளையவே வளையாத எபோனைட். பழைய பேனாக்களின் கறுப்பு உடம்பு அதுதான்.

கந்தகம் மட்டும் போதாது

வெறும் கந்தகத்தை வைத்து வேகவைத்தால் மணிக்கணக்கில் ஆகும். துத்தநாக ஆக்ஸைடும், 1906-ல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் வழிகாட்டிய 'ஆக்ஸிலரேட்டர்' வேதிப்பொருட்களும் சேர்ந்து அதை நிமிடங்களாகக் குறைத்தன.

பாலத்தின் நீளமும் முக்கியம். பல கந்தக அணுக்கள் கொண்ட நீளப் பாலம் திரும்பத் திரும்ப மடங்குவதைத் தாங்கும். ஆனால், சூட்டில் உடையும். ஒற்றை அணுப் பாலம் சூட்டைத் தாங்கும். ஆனால், மடங்கி மடங்கிச் சீக்கிரம் வெடிப்பு விடும். கந்தகத்துக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் உள்ள விகிதத்தை மாற்றித்தான், எந்தப் பாலம் எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்கிறார்கள்.

டயரின் கறுப்பு, கார்பன் பிளாக் என்ற கரித்தூளால் வருவது. நிறத்துக்காக அல்ல; தேய்மானத்தைத் தாங்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். 1990-களில் மிஷ்லின் அதில் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைக் கொண்டுவந்தது. சிலிக்கா லேசில் ரப்பரோடு ஒட்டாது. 'சிலேன்' என்ற வேதிப்பொருள் ஒரு கையால் சிலிக்காவையும், மறு கையால் ரப்பரையும் பிடித்துக்கொள்கிறது. உருளும்போது வீணாகும் சக்தி குறைவதால், எரிபொருளும் மிச்சம்.

பட்டன் இருந்தாலும் பத்தாது

டயர் ஆலையை விட்டு வந்த பிறகும் உள்ளே மாற்றம் நிற்பதில்லை. வெயில், ஆக்ஸிஜன், ஓசோன் மூன்றும் சேர்ந்து பழைய பாலங்களை உடைக்கும், வேண்டாத இடத்தில் புதுப் பாலம் போடும். ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விழும். 'பட்டன் இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று ஓட்டும் பழைய டயர் மழையில் வழுக்குவதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம்.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்க. 2324 என்றிருந்தால், 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

அவிழாத முடிச்சு

பிளாஸ்டிக் வாளியை உருக்கி இன்னொரு வாளி வார்க்கலாம். டயரை அப்படி உருக்க முடியாது, முடிச்சுகள் விடாது. நூல் அறாமல் முடிச்சை மட்டும் அவிழ்ப்பது இன்றும் பெரிய சவால். அதனால்தான் லாரி டயரின் உடம்பை வைத்துக்கொண்டு மேல்பட்டையை மட்டும் மாற்றும் ரீட்ரெடிங் தொழில் நிலைத்து நிற்கிறது. பொடியாக்கிய டயர், தார் சாலைக்கும் போகிறது.

2022 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், கழிவு டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்தன. 2022-23-க்கு 35 சதவீதம், அடுத்த ஆண்டு 70, பிறகு 100 என்பது இலக்கு.

நம்ம பங்கும் இருக்கு. போகிக்கு டயர் கொளுத்தும்போது, பாலம் போட்ட அதே கந்தகம் சல்ஃபர் டை ஆக்ஸைடாகி நுரையீரலுக்குள் போகிறது. தெருவில் எரிப்பதற்குப் பதில் டயர் கடையிலோ, பழைய சாமான் கடையிலோ கொடுத்துவிட்டால், அந்த ரப்பருக்கு இன்னொரு வேலை கிடைக்கும்.