போஸ்கோ திராட்சை

போஸ்கோ என்பது இத்தாலியின் வடமேற்கிலுள்ள லிகூரியா மண்டலத்தின் கடற்கரையில் விளையும் ஒரு வெள்ளைத் திராட்சை வகை. சார்டொனே போன்ற வகைகள் உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டன. போஸ்கோ அவ்வாறு ஊர்விட்டு ஊர் செல்லவில்லை. லா ஸ்பெட்சியா நகருக்கு மேற்கே, மலைகள் நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து சிற்றூர்கள் உள்ளன. இவற்றைச் சேர்த்துச் ‘சிங்க்வே தெர்ரே’ என்பர். ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். போஸ்கோவின் தாயகம் இதுவே.

இந்த ஊர்களின் வண்ண வீடுகளைப் படங்களில் பார்த்திராதவர் குறைவு. அவ்வீடுகளுக்குப் பின்னே மலையில் படிப்படியாகத் தெரியும் பச்சை வரிகள் பெரும்பாலும் திராட்சைக்காக வெட்டப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் படிகளில் முதன்மையாக நடப்பட்ட கொடி போஸ்கோ. அதன் சாகுபடி குறையக் குறைய மலையும் சரியத் தொடங்கியது. எனவே இத்திராட்சையைப் பற்றி எழுதும்போது சுவையைவிடச் சுவர்களைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரும் பழமையும்

இத்தாலிய மொழியில் ‘போஸ்கோ’ என்றால் காடு. ஜெனோவா நகரில் துராட்சோ என்னும் பிரபுக் குடும்பத்தின் மாளிகையை ஒட்டிய காட்டிலிருந்து இக்கொடி வந்ததால் இப்பெயர் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை.

இக்கரையின் வைன் இடைக்காலத்திலேயே புகழ் பெற்றிருந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் பெத்ரார்க்கா தமது ‘ஆஃப்ரிக்கா’ என்னும் இலத்தீன் காப்பியத்தில் இப்பகுதியின் கொடிகளைக் குறிப்பிடுகிறார். அவருடைய நண்பர் பொக்காச்சியோவின் ‘தெக்கமெரோன்’ நூலில் ஒரு கதை வருகிறது. வயிற்று நோயுள்ள மடாதிபதி ஒருவரைச் சிறைப்பிடிக்கும் கொள்ளையன், வாட்டிய ரொட்டியும் கொர்னீலியா வைனும் மட்டுமே கொடுத்து அவரைக் குணப்படுத்திவிடுகிறான். அந்த வைன் போஸ்கோவிலிருந்து பிழிந்ததுதான் என்று இதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. அக்காலத்தில் வைனுக்கு ஊர்ப் பெயரே இருந்தது, திராட்சை வகையைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் குறைவு.

கொடியின் இயல்பு

போஸ்கோவின் குலை நெருக்கமில்லாதது. பழங்களுக்கு இடையே காற்றுப் புகும். தோல் தடித்தது. பழத்தில் சர்க்கரை நன்கு ஏறும். கடலோர ஈரக்காற்றில் நெருக்கமான குலைகள் எளிதில் அழுகும், இக்குலை தாங்கும். பறித்த பின் வாரக்கணக்கில் உலர்த்தினாலும் பழம் கெடாமலிருப்பதற்கு இந்த இரு பண்புகளே காரணம்.

குறையும் உண்டு. போஸ்கோவின் சாறு ஆக்சிசனேற்றத்துக்கு எளிதில் ஆளாகும். காற்றுப் பட்டால் நிறம் மங்கிப் பழுப்பேறும். நறுமணமும் அவ்வளவாக இல்லை. ஆகவே இதைத் தனித்துப் பிழிவதைவிட வேறு வகைகளுடன் கலப்பதே வழக்கம். போஸ்கோ வைனுக்குக் கனம் தருகிறது. வெர்மென்தீனோ மணத்தையும் அல்பரோலா புளிப்பையும் தருகின்றன. 1973இல் சிங்க்வே தெர்ரே வைனுக்கு ‘டி.ஓ.சி.’ எனப்படும் தோற்ற இடப் பாதுகாப்பு கிடைத்தது. நம் நாட்டுப் புவிசார் குறியீட்டைப் போன்றது இது. இதன் விதிப்படி இவ்வைனில் குறைந்தது 40 விழுக்காடு போஸ்கோ இருக்க வேண்டும்.

கற்சுவர்களும் படிவயல்களும்

சிங்க்வே தெர்ரேயில் சமநிலம் என்பதே இல்லை எனலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் மலைச்சரிவை வெட்டிப் படிகளாக்கத் தொடங்கினர். வெட்டும்போது கிடைத்த கல்லையே அடுக்கிச் சுவர் எழுப்பினர். சுவருக்குப் பின்னால் மண்ணையும் சிறு கற்களையும் நிரப்பினர். அந்த ஓரிரு மீட்டர் அகலத்தில் கொடி நட்டனர்.

இச்சுவர்களில் சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. வசதியின்மையால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக்கூடும். சுவரின் பலமே அதில்தான் இருக்கிறது. மழை பெய்தால் நீர் கற்களின் இடைவெளி வழியே மெல்லக் கசிந்து கீழ்ப்படிக்குச் செல்லும். காரை பூசி அடைத்திருந்தால் நீர் சுவருக்குப் பின்னே தேங்கி, மண்ணின் எடையைக் கூட்டி, சுவரைத் தள்ளிவிடும். ஆனால் கற்களுக்கிடையே வேர் புகுந்தாலோ, ஒரு கல் நழுவினாலோ உடனே சரிசெய்ய வேண்டும். ஆண்டுதோறும் யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் சுவர் நிற்கும். அப்படிப் பார்த்துக்கொள்பவர் அங்கே கொடி வைத்திருக்கும் உழவர் மட்டுமே. இச்சுவர்களைத் தொடராக வைத்தால் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காரையின்றிக் கற்சுவர் கட்டும் கலையை, இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் மரபாக 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கடற்காற்றிலிருந்து காக்க, கொடிகளைத் தாழ்ந்த பந்தலில் படர விடுவது இங்குள்ள பழைய முறை. பந்தலின் கீழ் நிமிர்ந்து நிற்க முடியாது. கிளை கழிப்பதும் பழம் பறிப்பதும் குனிந்தோ மண்டியிட்டோதான். டிராக்டர் நுழைய வழியில்லை. பறித்த பழத்தைத் தலையிலும் தோளிலும் சுமந்தே படிகளில் ஏற்றி இறக்கினர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரத்தால் ஏறும் சிறு இழுவை வண்டிகள் வந்தபின் சுமை ஓரளவு குறைந்தது. மற்ற வேலைகள் எல்லாம் இன்றும் கையால்தான் நடக்கின்றன.

ஷக்கேத்ரா

போஸ்கோவின் பெருமை முழுவதும் ‘ஷக்கேத்ரா’ என்னும் இனிப்பு வைனில் இருக்கிறது. செப்டம்பரில் நல்ல குலைகளைத் தேர்ந்து பறித்து, காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் தட்டிகளின் மேல் பரப்புவார்கள். வெயிலில் உலர்த்துவதில்லை. அழுகிய பழங்களை அவ்வப்போது பொறுக்கி எறிய வேண்டும். பழம் சுருங்கச் சுருங்க நீர் வற்றிச் சர்க்கரை செறியும். நவம்பர் 1க்கு முன் பிழியக் கூடாது என்பது விதி. அதன்பின் பழங்களைக் காம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் உதிர்த்து நசுக்கி, தோலோடு சேர்த்து நொதிக்க விடுவார்கள். நூறு கிலோ பழத்திலிருந்து முப்பது லிட்டர் கிடைத்தாலே மிகுதி. விலை உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

இவ்வைன் ஆம்பர் நிறமுடையது. தேனும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கலந்த மணம் கொண்டது. இதன் பழைய பெயர் ‘ரெஃபோர்சா’. வலுவூட்டப்பட்டது என்று பொருள். முற்காலத்தில் இது விற்பனைக்குரிய பொருளாக இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சில புட்டிகள் மட்டும் இருக்கும். திருமணத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் எடுப்பார்கள், நோயாளிக்குச் சிறிதளவு மருந்துபோலக் கொடுப்பார்கள்.

கைவிடப்பட்ட சரிவுகள்

வீழ்ச்சி ஒரே நாளில் வந்ததன்று. 1869இல் லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் திறக்கப்பட்டன. 1874இல் இக்கரை வழியே ரயில் பாதை வந்தது. மாதச் சம்பளம் தரும் வேலைக்கு ரயிலில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்றானபோது, மண்டியிட்டுக் கொடி பேணும் வேலையில் இளைஞர்கள் தங்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் பைலோக்செரா என்னும் வேரைத் தின்னும் பூச்சி வந்து கொடிகளை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடி நட வேண்டியிருந்தது. பலர் நடவில்லை. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்த கொடிப்பரப்பு இன்று நூறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

1997இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1999இல் தேசியப் பூங்காவும் அமைந்தது. பயணிகள் பெருகினர். ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. பயணிகள் பார்க்க வருவது கொடிப்படிகள் அமைந்த மலையை. அவர்கள் வருவதால் ஊர்மக்களுக்கு அறை வாடகையிலும் உணவகத்திலும் நல்ல வருவாய் கிடைக்கிறது. கொடி வேலைக்கு ஆள் மேலும் குறைகிறது.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பெருமழையில் மலையிலிருந்து மண்ணும் கல்லும் பெருகி வந்து வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ தெருக்களைப் புதைத்தன. உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர் வெர்னாட்சாப் பள்ளத்தாக்கில் நிலவியல் ஆய்வாளர்கள் சரிவுகளைக் கணக்கெடுத்தனர். மிகுதியாகச் சரிந்தவை சில பத்தாண்டுகளுக்குள் கைவிடப்பட்ட படிகள். உழவர்கள் பேணிவந்த படிகளில் சேதம் சிறிதாக இருந்தது. நெடுங்காலத்துக்கு முன்பே கைவிடப்பட்டு அடர்ந்த காடாகிவிட்ட சரிவுகளும் ஓரளவு தாங்கின. சுவரைப் பேண ஆளில்லாமல், மண்ணைப் பிடிக்க மரவேரும் வளராமல் இருக்கும் இடைக்காலமே மிகவும் ஆபத்தானது என்று இதிலிருந்து தெரிகிறது. கைவிட்ட நிலம் தானே காடாகட்டும் என்பவர்களுக்கு இது எளிதில் தள்ளிவிட முடியாத பதில். அந்த மலைக்குக் கீழே ஊர்கள் இருக்கின்றன.

இன்று போஸ்கோ பயிரிடுவோரில் பலர் சிறு துண்டு நிலம் உடையவர்கள். மனரோலாவுக்கு மேலுள்ள குரோப்போ சிற்றூரில் இயங்கும் உழவர் கூட்டுறவு வைன் கூடத்துக்கு அவர்கள் பழத்தைக் கொண்டுவருகிறார்கள். தனியே வைன் செய்து தம் பெயரில் விற்கும் சிறு பண்ணைகளும் உள்ளன. காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிச் சுவர்களை இடிப்பது இவர்களுக்குப் புதிய தொல்லை. விழுந்த கற்களை மீண்டும் அடுக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அக்கைவேலையை இளையோருக்குப் பழக்கும் பயிற்சிகள் நடக்கின்றன.