மன்னாரின் கிணறும் மாரி மழையும்

நாற்புறமும் உப்புக்கடல் சூழ்ந்த மன்னார்த் தீவிலே, மணலைச் சிறிது தோண்டியதும் குடிநீர் ஊறுகின்ற இடங்கள் பல உள. மலையும் பேராறும் இல்லாத தீவுக்கு இந்நன்னீர் எங்கிருந்து வந்தது? வானம் வழங்கியதே அது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரிக்காலத்திலேயே கிடைத்துவிடுகின்றது.

மணலினூடாக இறங்கும் மழைநீர் கடல்நீரினும் எடை குறைந்தது. ஆதலின், கீழேயுள்ள உவர்நீரின் மேல் அது மிதக்கின்றது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லைபோல் அமைகின்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒல்லாந்தரான கைபன், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரின் ஆராய்ச்சியால் இவ்வுண்மை தெளிவாயிற்று. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தினும் 1 அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்திவிட்டால், நாளடைவில் உவர்நீர் 40 அடி மேலேறும் அன்றோ!

பெருநிலத்திலுள்ள முருங்கன் பகுதியின் இயல்பு வேறு. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை வடமேற்குக் கரையோரமாகப் பரந்துள்ள சுண்ணாம்புக்கல் அங்கும் நிலத்தடியிலே கிடக்கின்றது. காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைநீர், இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகின்றது. அவ்வழிகளில் நீர் விரைந்து ஓடும். யாழ்ப்பாணத்துக் கீரிமலையிலே கடலருகில் ஊற்றெடுக்கும் நன்னீர் அவ்வாறு வெளியேறுவதேயாம். மன்னார் நகருக்குக் குடிநீர் தந்துதவிய முருங்கன் கிணறுகளும் இத்தகைய கல்லிலிருந்தே நீர் பெற்றவை.

ஆனால் விரைந்து நிரம்பும் நிலத்தில் அழுக்கும் விரைந்தே பரவும். மணல் வடிப்பதுபோல் கல்வெடிப்பு நீரை வடிப்பதில்லை. ஆகவே கிணற்றருகில் மலகூடக் குழியோ உரக்குவியலோ இருத்தலாகாது. தீவிலோ, ஆழக் குழாயிட்டு இயந்திரத்தால் ஒரே இடத்தில் உறிஞ்சுவதினும், ஆழமற்ற பல கிணறுகளில் அளவாக அள்ளுவதே நன்று. கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்துக்கொண்டால் கிணற்றின் சுமை மேலும் குறையும்.

ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் செல்லலாம். கோடையில் நாம் அள்ளும் ஒவ்வொரு குடமும் சென்ற மாரி நமக்காக இட்டுச்சென்ற முதல். அம்முதலை அழியாது காத்து, வரும் மாரி அதன்மேற் சேர்க்கும்படி விடுதலே நம் கடன்.