'மெய்யம்மை'யின் கொம்பு எங்கே போனது?

பந்தல் வாசலில் ஒரு மேசை. மேசை மேல் லேப்டாப், பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிரின்டர். முன்பு மஞ்சள் தடவிய நோட்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து மொய் எழுதிய இடம் இது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இப்போது மொய் எழுதவும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஊரையும் பெயரையும் சொன்னால் தட்டுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கையோடு ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூரில் அப்படி ஒரு விசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயை நீட்டி, "பள்ளத்தூர், மெய்யம்மை" என்கிறார் ஓர் ஆச்சி. திரையில் பெயர் அழகாக விழுகிறது. ரசீதில்தான் வினை. 'ம' தனியாக நிற்கிறது. அதற்கு முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் 'ய்'யோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி 'மை'யின் கொம்போ எழுத்தைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறது.

"என்ன தம்பி, இது யாரு பேரு?"

"உங்க பேருதான் ஆச்சி. மிஷின் அப்படித்தான் அடிக்குது."

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய கடன். பத்து வருஷம் கழித்து ஆச்சி வீட்டில் ஒரு கல்யாணம் வரும்போது, இவர்கள் பட்டியலை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாவிட்டால் போகப்போவது ஆயிரம் ரூபாய் மட்டுமல்ல.

மொய் ரசீதோடு இது முடிவதில்லை. பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல், சங்கத்துச் சந்தா ரசீது, கோயில் நன்கொடைச் சீட்டு என்று, கம்ப்யூட்டர் தானாகத் தயாரித்துத் தரும் எந்த அறிக்கையிலும் தமிழ்ப் பெயர் இப்படி உடையலாம். 'மிஷின் அப்படித்தான்' என்ற பதிலில்தான் தவறு. எந்த மிஷினும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

செட்டிநாட்டுக்குக் கூடுதல் தலைவலி

எல்லாப் பெயரும் ஒரேபோல உடைவதில்லை. எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்புகள்தான் முதலில் இடம் மாறும். 'பள்ளத்தூர்' என்ற பெயரில் கொம்பே கிடையாது. 'தூ'வின் வால் மட்டும் கழன்று நிற்கும், மற்றபடி ஊர் தப்பித்துவிடும். 'தேவகோட்டை'க்கு மூன்று இடத்தில் அடி. பள்ளத்தூரில் வளர்ந்து, 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடை ஏறியவர் மனோரமா. மேடைப் பெயருக்கு ஆபத்து குறைவு. சொந்தப் பெயரில் ஒரு 'னோ' இருக்கிறதே!

அதைவிட, இந்தப் பக்கத்து இனிஷியல்களைப் பாருங்கள். சொ. முருகப்பா, லெ.ப.கரு. இராமநாதன் செட்டியார் என்று இனிஷியலே கொம்போடு வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே தெருவில் மூன்று ராமநாதன்கள், இரண்டு மெய்யப்பன்கள் இருப்பது சாதாரணம். அவர்களைப் பிரித்துக் காட்டுவதே அந்த இனிஷியல்தான். 'சொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால், எந்த வீட்டு ராமநாதன் என்பதே தெரியாமல் போகும். ஒரு குடும்பத்தையே 'ஒரு புள்ளி' என்று கணக்கெடுக்கும் நகரத்தார் ஊர்களில், பட்டியலில் ஒரு புள்ளி பிசகுவது சின்ன விஷயம் இல்லை!

ஒலி வரிசை, கண் வரிசை

கொம்பு ஏன் நகர்கிறது? இன்றைய யுனிகோடு முறையில் 'மெ' என்பதை கம்ப்யூட்டர் ஒலி வரிசையில் சேமிக்கிறது. முதலில் 'ம', அடுத்து எகரக் குறி. காகிதத்தில் எழுதும்போது கொம்பு முதலில் வரவேண்டும். ஒலி வரிசையில் இருப்பதைக் கண் வரிசைக்கு மாற்றிக் கோப்பதற்கென்று நடுவில் ஒரு வேலைக்காரன் உண்டு. ஷேப்பிங் இன்ஜின் என்பார்கள். ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் லிப்ரே ஆபீஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள். இந்தக் கட்டுரையில் உள்ள கொம்புகள் உங்கள் போனில் சரியான இடத்தில் நிற்பதற்கும் அப்படி ஒரு வேலைக்காரன்தான் காரணம்.

ரசீதும் பிடிஎஃப்பும் தயாரிக்கும் மென்பொருள்கள் பல, திரைக்கு உதவும் அந்த வேலைக்காரனைக் கூப்பிடுவதில்லை. தாங்களே எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அடுக்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது. திரையில் சரியாகவும் தாளில் தப்பாகவும் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மென்பொருளில் பெயர் பதிந்த கட்டத்திலிருந்து அந்தப் பெயரை காப்பி செய்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே 'மெய்யம்மை' சரியாக வந்தால் பெயர் பத்திரமாக இருக்கிறது, வரைவதில்தான் கோளாறு என்று அர்த்தம்.

இந்த இடத்தில் பலரும் செய்வது ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பது. லதா, விஜயா, நிர்மலா, நோட்டோ என்று பத்து ஃபான்ட் மாற்றினாலும் கொம்பு அதே இடத்தில்தான் இருக்கும். குற்றவாளி ஃபான்ட் இல்லையே! மென்பொருள் எழுதிக் கொடுத்தவரிடம், 'பிடிஎஃப் தயாரிக்கும் பகுதிக்குத் தமிழ் ஷேப்பிங் இருக்கிறதா?' என்று கேட்கவேண்டும். ஐடெக்ஸ்ட் பயன்படுத்தியிருந்தால் அதற்கு பிடிஎஃப் கேலிகிராஃப் என்ற துணைப் பகுதி தனியாக உண்டு. எம்பிடிஎஃப்பில் ஓடிஎல் என்ற வசதியை இயக்கவேண்டும். இரண்டும் தெரியாது என்று அவர் கையை விரித்தால், அறிக்கையை வெப் பக்கமாகத் தயாரித்து குரோமிலிருந்து பிடிஎஃப்பாகச் சேமிப்பது எளிய வழி. மொய் மேசையில் இருக்கும் சின்ன பிரின்டர்களுக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது. ரசீதை ஒரு படமாக மாற்றி அனுப்பினால் அவை அப்படியே அச்சடித்துவிடும்.

மருந்தே நோயாகும் இடம்

இதற்கெல்லாம் நேரமில்லாமல் சிலர் ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். தாளில்தானே தப்பாக வருகிறது, கொம்பை முதலில் அடித்துவிட்டு 'ம'வை அடுத்து அடித்தால்? ஆமாம், ரசீதில் சரியாக வந்துவிடும். ஆச்சிக்கும் திருப்தி.

இதைச் செய்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ் டைப்ரைட்டரில் கொம்பைத்தான் முதலில் தட்டவேண்டும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களிலும் அதே வழக்கம்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல்களுக்கு அதுதான் இயல்பு. ஒலி வரிசையில் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தது.

ஆனால், தலைகீழாக அடித்த நொடியிலேயே பெயர் உண்மையாகவே கெட்டுவிடுகிறது. அதுவரை வரைவதில் மட்டும் இருந்த கோளாறு, இப்போது சேமிப்புக்குள் புகுந்துவிட்டது. 'மெய்யம்மை' என்று தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. அகர வரிசையில் வேறெங்கோ போய் நிற்கும். போனுக்கு அனுப்பினால் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். அடுத்த வருஷம் மென்பொருளைச் சரிசெய்தால் சரியாக அடித்த பெயர்கள் எல்லாம் தெளிவாக வரும். தலைகீழாக 'சரிசெய்த' பெயர்கள் மட்டும் உடைந்து நிற்கும். எவை எவை என்று அப்போது ஒவ்வொன்றாகத் தேடவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கலப்படமும் உண்டு. 'கௌரி'யில் வரும் 'கௌ' ஒரே எழுத்து. அதை 'கெ' என்றும் 'ள' என்றும் தனித்தனியாக அடித்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவர் 'கெளரி' என்ற வேறொருவர். 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ரேஷன் அட்டையில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் இன்னொன்றுமாக இருந்தால், கண்ணால் பார்க்கும் அலுவலருக்கு வித்தியாசம் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் 'பொருந்தவில்லை' என்று சொல்லும்.

கட்டம், கேள்விக்குறி, கிறுக்கல்

மற்றக் கோளாறுகளைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுவிடலாம். எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால், அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. இங்கேதான் ஃபான்ட் மாற்றுவது பலிக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்த பிடிஎஃப் அடுத்தவர் போனில் கட்டமாக வந்தால், ஃபான்ட்டை பிடிஎஃப்புக்குள் 'எம்பெட்' செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

'வணக்கம்' இருக்கவேண்டிய இடத்தில் டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன் என்று ஆங்கிலக் கிறுக்கல் வந்தால் பயப்படவேண்டாம். அது பாமினியில் அடித்த 'வணக்கம்'தான். பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தன. ஃபான்ட் போய்விட்டால் கீழே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யுனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாற ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் எத்தனையோ பென் டிரைவ்களில் கிடக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அவற்றை யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி முறையில் இருந்த தமிழ் நூல்களை யுனிகோடுக்குக் கொண்டுவந்தது.

உண்மையில் பயப்படவேண்டியது கேள்விக்குறிகளுக்கு. பெயர் முழுவதும் வரிசையாகக் கேள்விக்குறி என்றால், சேமித்துவைத்த பதிவைத் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி இருந்தால் பெயர் போய்விட்டது. ஆங்கிலத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கிய கட்டத்தில் தமிழைப் போட்டதால், சேமிக்கும்போதே எழுத்துகளை எடுத்துவிட்டு கேள்விக்குறியை வைத்துவிட்டது மென்பொருள். எந்த ஃபான்ட்டும் எந்த மாற்றியும் அதை மீட்காது. கையால் எழுதிய பழைய நோட்டு பக்கத்தில் இருந்தால் பிழைத்தீர்கள்.

பெயர் பாதியில் அறுபடுவதும் இந்த ரகம்தான். 'மீனாட்சிசுந்தரம்' கண்ணுக்கு 9 எழுத்து. யுனிகோடுக்கு, குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 16. பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48. 'பெயருக்கு 30 பைட் போதும்' என்று முடிவு செய்த மென்பொருளில் அவர் 'மீனாட்சிசு'வோடு நின்றுவிடுவார்.

ஆகவே மொய்க்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ புதிதாக மென்பொருள் வாங்குகிறவர்கள், விற்க வந்தவர் காட்டும் 'குமார்', 'ராஜா' ரசீதைப் பார்த்துத் தலையாட்டவேண்டாம். அந்தப் பெயர்களில் இடம் மாறக் கொம்பு ஏது? அவர் எதிரிலேயே சொ. மெய்யம்மை, தேவகோட்டை என்று ஒரு பதிவு போடச் சொல்லுங்கள். அடுத்து லெ. மீனாட்சிசுந்தரம். அதற்கடுத்து கௌரி. மூன்றையும் சேமித்து, மென்பொருளை மூடித் திறந்து, பெயரைச் சொல்லித் தேடி எடுத்து, தாளில் அச்சடித்து, பிடிஎஃப்பாக இன்னொருவர் போனுக்கும் அனுப்பிப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.