அலையாத்தி நட்டால் மட்டும் போதுமா?

தூத்துக்குடிக்குத் தெற்கே, புன்னைக்காயல் அருகே தாமிரபரணி கடலில் கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் சேரும் இந்தக் கழிமுகச் சேற்றில்தான் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. பெரும்பாலும் வெண்கண்டல் வகை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது இவற்றின் வேரடியில். மரம் அழிந்தால் மீனவர் வலையில் வரத்து குறையும். புயல் காலத்தில் அலையின் வேகத்தைத் தணிக்கவும் தடுப்பு இருக்காது.

அதனால்தான் இப்போது கடற்கரை தோறும் நாற்று நடுகிறார்கள். 2023 மத்திய பட்ஜெட்டில் இதற்கென்றே 'மிஷ்டி' திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால், நட்டதெல்லாம் பிழைப்பதில்லை. பல இடங்களில் குறை நாற்றில் இல்லை. தண்ணீர்ப் போக்குவரத்தில் இருக்கிறது.

பிச்சாவரம் தந்த பாடம்

ஆங்கிலேயர் காலம் தொட்டு பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மரங்களைக் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு வற்றி, நிலம் தொட்டி போலத் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓத நீர் வெளியேற வழியின்றி ஆவியாகி, உப்பு ஏறியது. வடிகால் இல்லாத வயல் உவர் தட்டுவதைப் பார்த்த விவசாயிக்கு இது புதிதல்ல.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். ஓடையிலிருந்து பெரிய வாய்க்கால் வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் எடுத்தார்கள். ஓத நீர் வந்து திரும்பியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் சரிவில் வைத்த கன்றுகள் வேர்பிடித்தன.

முதலில் குப்பை, பிறகு கன்று

வெண்கண்டலின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டி நிற்கும். அவற்றின் மேல் பிளாஸ்டிக் பைகள் படிந்தால் மரம் மூச்சு முட்டும். அறுந்த வலைத் துண்டு இளங்கன்றைச் சுற்றினால், ஓதம் இறங்கும்போது கன்றையும் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே, கடற்கரையைச் சுத்தம் செய்வதும் நடவின் ஒரு பகுதிதான்.

நடும் முன் கவனிக்க வேண்டியவை

* ஓத நீர் வந்து வடியும் சேற்று நிலமே ஏற்றது. திறந்த மணல் கரையும், கடல்புல் வளரும் இடமும் வேண்டாம்.
* வடகிழக்குப் பருவமழையில் உப்பு தணியும். அப்போது நடலாம்.
* வெண்கண்டல் இலையை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். முதல் சில ஆண்டுகளுக்குக் காவல் அவசியம்.
* அலையாத்திப் பகுதிகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. வாய்க்கால் வெட்டவும் கன்று நடவும் வனத்துறையை அணுகிச் செய்யுங்கள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டி வரும் மிச்ச நீர்தான் கழிமுகத்துக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர். கடலில் கலக்கும் ஆற்று நீரெல்லாம் வீண் என்று பேசுவது நம்மிடையே வழக்கம். அதில் ஒரு பங்கு போய்ச் சேராவிட்டால், எத்தனை கன்று நட்டாலும் புன்னைக்காயல் சேற்றில் உப்புதான் மிஞ்சும்.