உயிலும் தருமமும்

தம் காலத்திற்குப் பின் தம் சொத்து யாரைச் சேர வேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கும் சாசனமே உயில். மனைவி மக்களுக்கு எழுதுவது போலவே, கோயில் விளக்குக்கும் அன்னதானத்துக்கும் சொத்தை எழுதிவைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய தருமங்கள் சட்டப்படி செல்லும் என்பதே பொது விதி. ஆயினும் சில செல்லாமற் போயிருக்கின்றன. அதற்குக் காரணம் யாது?

'தருமம்' என்னும் சொல்லினும் மதிப்புடைய சொல் நம்மிடையே அரிது. அந்தச் சொல்லே பம்பாயைச் சேர்ந்த ஒருவரது உயிலுக்கு இடையூறாயிற்று. தம் சொத்தைத் 'தருமத்துக்கு'ச் செலவிட வேண்டும் என்று எழுதிவைத்து அவர் காலமானார். வாரிசுகள் தொடுத்த வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1899-ஆம் ஆண்டில் தீர்ப்பு வெளியாயிற்று. தருமம் என்பதற்குச் சட்டம், நற்குணம், கடமை எனப் பல பொருள்கள் அகராதியில் உள்ளன. இவற்றுள் எதைக் கருதினார் என்று துணிய இயலாது. ஆகவே அந்தப் பகுதி செல்லாது என்று நீதிபதிகள் கூறினர்.

இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் அதன் நியாயத்தை எண்ணிப் பாருங்கள். எழுதியவர் இறந்துவிட்டார், அவரிடம் விளக்கம் கேட்க வழியில்லை. சொத்து தர்மகர்த்தாவின் கையில் இருக்கிறது. அவர் அதனைத் தம் விருப்பம்போல் செலவிட்டால், தவறு என்று எதைக் கொண்டு சொல்வது? நீதிமன்றம் மேற்பார்வை செய்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை உயிலே தர வேண்டும். 'சத்திரத்தில் அன்னதானம்' என்றோ, 'இன்ன கோயிலில் நித்திய பூசை' என்றோ எழுதியிருந்தால் அந்த அளவுகோல் கிடைத்திருக்கும். நோக்கம் தெளிவாயிருந்து, நடத்தும் முறை மட்டும் சொல்லப்படாதிருந்தால், நீதிமன்றமே ஒரு திட்டம் வகுத்துக் கொடுப்பதும் உண்டு.

தெளிவு மட்டும் போதுமா? போதாது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இறந்த கணவரின் சமாதியில் என்றென்றும் பூசை நடத்தச் சொத்தை ஒதுக்கியது செல்லாது என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உயிலன்று, ஆயினும் அந்த நியாயம் உயிலுக்கும் பொருந்தும். ஒருவர் தமக்குப் புண்ணியம் என்று நம்புவது மட்டும் போதாது. சமய நெறி ஏற்றுக்கொண்ட காரியமாகவோ பொதுமக்களுக்கு நன்மை தருவதாகவோ இருந்தால்தான் ஒரு சொத்தைக் காலமெல்லாம் அதற்குக் கட்டிவைக்கலாம்.

சட்டமும் சில வேளைகளில் தவறுவதுண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு, நெருங்கிய உறவினர் உள்ள ஒருவர் சமய, அறச் செயல்களுக்கு உயில் எழுதினால், அது அவர் இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், எழுதிய ஆறு மாதங்களுக்குள் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. மரணப் படுக்கையில் இருப்பவரை வற்புறுத்தி எழுதி வாங்குவதைத் தடுப்பதே இதன் கருத்து. ஆனால் மரணம் நாள் குறித்து வருவதில்லையே! பதினோராம் மாதத்தில் இறந்தவர் அநாதை இல்லத்துக்கு எழுதியதும் வீணாகும். இந்த விதி இந்துக்களையும் முஸ்லிம்களையும் கட்டுப்படுத்தவில்லை. கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தி வந்தது. கேரளத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், இது அரசியலமைப்பின் 14-ஆம் விதி தரும் சமத்துவத்துக்கு முரணானது என்று கூறி, 2003-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது.

மாணவர்களே, வீட்டுப் பெரியவர் ஒருவர் உயில் எழுதும்போது நீங்கள் அருகில் இருக்க நேரலாம். 'மிச்சத்தைத் தருமத்துக்குக் கொடுங்கள்' என்று அவர் சொன்னால், எந்தத் தருமம், எந்த ஊரில், யார் பொறுப்பில் என்று பணிவுடன் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை உயிலில் எழுதச் செய்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடச் செய்யுங்கள். அவர் எண்ணிய அன்னதானம் அவருக்குப் பின்னும் நடைபெற இதுவே வழியாகும்.