துண்டில் தெரியாத வஞ்சிரம்

எங்கள் குமாரபாளையத்தில் காவிரி உண்டு, கடல் இல்லை. கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டியில்தான் வருகிறது. துண்டு போட்டுவிட்டால், அது வஞ்சிரம் என்பதற்கு விற்பவரின் சொல்லே சான்று.

பெயரை நம்பவும் வழியில்லை. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். சென்னையில் அதே சொல் விலை குறைந்த ஊளியைக் குறிக்கும். அடையாளம் உடலில்தான் இருக்கிறது. வஞ்சிரத்தின் வெள்ளிநிற விலாவில் மெல்லிய, நெளிந்த செங்குத்துக் கோடுகள் ஓடும். முதுகிலும் அடியிலும் வாலை நோக்கிச் சிறுதுடுப்புகள் வரிசையாக நிற்கும். ஊளிக்குச் சிறுதுடுப்புகள் இல்லை. இரு முதுகுத் துடுப்புகளும் விலகி நிற்கும். கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். துண்டு போடும்போது முதலில் மறைபவை இந்த அடையாளங்களே.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமான பொருள் விலகிப்போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழைய கார்களை வைத்து அவர் சொன்னதை வகுப்பறையில் பல்லாண்டு நடத்தினேன். மீன்சந்தைக்கும் அது பொருந்தும். ஊளி நல்ல மீன்தான். அது வஞ்சிரத்தின் விலைக்குப் போகும்போது, உண்மையான வஞ்சிரம் விற்பவருக்கே முதல் நட்டம். ஆகவே, முழுமீனைப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரிக்கு நாம் தரும் ஆதரவும் அதுவே.