மறதியும் மருட்சியும்

மறதி மனிதர்க்கு இயல்பு. கண்டவை கேட்டவை யாவும் நெஞ்சில் நிலைத்து நிற்குமாயின், எதனையும் தெளிவாக எண்ணிப் பார்க்க நமக்கு இடமிராது. ஆயினும் இம்மறதியைக் குறித்து அண்மைக் காலத்தில் ஓர் அச்சம் பரவியிருக்கக் காண்கிறோம். சாவி வைத்த இடம் நினைவில்லை. பழகியவர் எதிர்ப்பட்டபோது பெயர் நாவில் வரவில்லை. உடனே, டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்துவிட்டதோ என்று உள்ளம் துணுக்குறுகின்றது. முதியோரேயன்றி, முப்பதும் நாற்பதும் வயதுடையோரும் இவ்வாறு அஞ்சுகின்றனர்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இவ்வச்சத்திற்கு ஏது மிகுதி. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின், இங்குப் பலருடைய இராப்பகல் ஷிப்டுக்கு அடங்கியதாயிற்று. ஒரு வாரம் காலை, மறு வாரம் மாலை, அடுத்த வாரம் இரவு என உறங்கும் வேளை மாறிக்கொண்டே செல்கின்றது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் பெங்களூர்ப் பக்கம் சென்று மீள்வோரும் பலர். இரவு வேலை முடித்து வரும் ஒருவர், சாப்பாட்டுக் கேரியரைத் தொழிற்சாலைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார் என்று கொள்வோம். அவருடைய மூளை பழுதுற்றதோ எனின், இல்லை. கேரியரை இருக்கையின் கீழ் வைத்த கணத்தில் அவர் மனம் வீட்டுக் கடன் தவணையை எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே புகாத பொருளை உள்ளே தேடி எடுப்பது எங்ஙனம்? நாம் மறதி என்பவற்றுட் பெரும்பாலன கவனக்குறைவேயாம்.

உறக்கத்திற்கும் இதிற் பங்குண்டு. பகலில் கற்றதை மூளை நிலைபெறச் செய்வது பெரிதும் உறக்கத்தின்போதேயாகும். அதற்கு உதவுவது ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி. மனத்தில் நெருக்கடி மிகும்போது சுரக்கும் கார்டிசால் என்னும் சுரப்பு நீர் அப்பகுதியைத் தாக்கி, சேமித்து வைத்ததை வெளிக்கொணரவும் தடை செய்கின்றது. இதனை நம் மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் வராத விடை, வாயிலைத் தாண்டியவுடன் வரிவரியாய் வந்து நிற்பதை அவர்களே நன்கறிவர்! மறதி நோய் வந்ததோ என்னும் அச்சமும் ஒரு நெருக்கடியே யாதலின், அஞ்சுந்தோறும் மறதி மிகும். மறதி மிகுந்தோறும் அச்சம் வளரும்.

இனி, நோயைச் சிறிது நோக்குவோம். ஜெர்மானிய வைத்தியரான அலாய்ஸ் அல்ஸ்ஹைமர் 1901இல் பிராங்பர்ட் நகரில் 51 வயதுப் பெண்மணி ஒருவரைச் சோதித்தார். தம் பெயரையும் முழுமையாக எழுத அவருக்கு இயலவில்லை. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து கண்ட மாறுதல்களை அவ்வைத்தியர் 1906இல் வெளியிட்டார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் அதுவே. அதற்கும் நம் மறதிக்கும் வேற்றுமை பெரிது. சாவி வைத்த இடத்தை மறப்பது ஒன்று. சாவி எதற்கென்பதையே மறப்பது மற்றொன்று. பல்லாண்டு நடந்த தெருவில் வழி தவறுவதும், சற்றுமுன் கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்பதும், கணக்கு வழக்கில் கைதேர்ந்தவர் சில்லறை எண்ணத் தடுமாறுவதும் கருதத்தக்க அறிகுறிகள். தம் மறதியை எண்ணித் தாமே வருந்தி வருவோரினும், “எனக்கொன்றுமில்லை” என்று கூறி வீட்டாரால் அழைத்து வரப்படுவோரிடத்தே இந்நோய் பெரிதும் காணப்படும்.

ஈண்டு நம்மவர் செய்யும் பிழை ஒன்றைக் குறிப்பிடாதிருக்க இயலாது. இளையவர் வீணே அஞ்சுகின்றனர். உண்மையில் நோயுற்ற முதியவரையோ, “வயதானால் இப்படித்தான்” என்று திண்ணையில் விட்டுவிடுகின்றனர். வயது மட்டும் நோயன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, எண்பது வயது நிரம்பிய பின், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். இந்தியா முழுவதும் நிகழ்த்தி 2023இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அறுபது வயதும் அதற்கு மேலுமுள்ளோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் உண்டெனக் கணித்தது. அஃதாவது, நூற்றுவருள் தொண்ணூற்றிருவருக்கு மேல் அது இல்லை. அன்றியும், தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் நினைவு மங்கும், இவை தீர்க்கத்தக்கன. திண்ணையில் விடப்பட்ட பாட்டிக்கு வேண்டியது ஒருகால் ஊசி மருந்தாக மட்டுமே இருக்கலாம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆங்குச் செல்வோர், மறதி எப்போது தொடங்கிற்று, எம்மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன என்பவற்றை எழுதிக்கொண்டு செல்வது நலம்.

இரத்த அழுத்தம், நீரிழிவு, காது மந்தம் ஆகியவற்றை நடுவயதிலேயே கவனித்தல், நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது நிபுணர் கருத்து.

எல்லைப்புறத்தார்க்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. ஐதராபாத்தில் மறதி நோயாளர் 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மொழி மட்டும் பேசுவோரினும் பன்மொழி பேசுவோர்க்கு நோய் ஏறக்குறைய நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியதாகக் கண்டனர், எழுத்தறியாதவரிடத்தும் அவ்வாறே. பின் வந்த ஆராய்ச்சிகள் சில இதற்கு உடன்படாமையின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது. எனினும், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசுவோர் நிறைந்த ஓசூர்க்கு இது இனிய செய்தியே. நம் மாவட்டத்தை அடுத்த கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களில், நாற்பத்தைந்து வயது கடந்தோரின் நினைவாற்றலைப் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையத்தினர் ஆண்டுகள் பல தொடர்ந்து அளந்து வருகின்றனர்.